துணிச்சல் என்கிற சொல்

பூங்குழலியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள்: துணிச்சல்காரி. நானும் தலையாட்டிவிடுகிறேன். பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது செருப்புக்குள் மாட்டிய கல்லைப் போல உறுத்துகிறது. எத்தனையோ வருடமாக இப்படித்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் அவள் செய்வதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தால் துணிச்சல் என்பது தவிர வேறு பெயர் அதற்கு இல்லை என்றுதான் தோன்றும். கோடிக்கரைச் சதுப்பில் அவள் ஓடுகிறாள், வந்தியத்தேவன் பின்னால் துரத்திக்கொண்டு வருகிறான். அவள் கால் வைத்த இடமெல்லாம் தரையாக இருக்கிறது. அவன் கால் வைத்த இடம் புதைசேறாகிவிடுகிறது. அமிழ்ந்துகொண்டிருப்பவனை அவளே இழுத்து வெளியே போடுகிறாள். இரவில் அதே சதுப்பில் குப்பென்று எழுந்து அணையும் நெருப்பைக் காட்டி, இந்தக் கொள்ளிவாய்ப் பிசாசுகள்தான் என் காதலர்கள் என்கிறாள். வாணர் குலத்து வீரனான அவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது, வாசிக்கிற நமக்கும்தான். ஆனால் அவளுக்கு? சேற்றில் மட்கும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயுவைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்த நெருப்பு தன்னைத் தொடாது என்று தெரியும். ஆயிரம் இரவு பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் தொட்டதில்லை. எந்தப் புதரை ஒட்டிப் போனால் கால் கீழே போகாது என்பதும் அப்படித் தெரிந்ததுதான். பனை ஏறுகிறவரைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் அது துணிச்சல். ஏறுகிறவருக்கு அது காலை வேலை. அப்படியென்றால் பூங்குழலியைத் துணிச்சல்காரி என்று சொல்லும்போது நாம் அவளைப் பற்றி ஏதாவது சொல்கிறோமா, அல்லது சேற்றில் நிற்கும் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோமா?

நாவலில் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம் வந்தியத்தேவனின் இடம். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று அவனோடு குதிரையில் ஏறியவர்கள் கோடிக்கரைக்கு வந்து சேரும்வரை இறங்கவே இல்லை. தஞ்சைக் கோட்டைக்குள் நுழையவும் அங்கிருந்து நழுவவும் அவனுக்கு நாக்கு போதுமானதாக இருந்தது. பொய் சொல்லத் தெரிந்தவன், பொய் மாட்டிக்கொண்டால் அதற்கு மேல் இன்னொன்று சொல்லத் தெரிந்தவன். கோடிக்கரையில் அந்த நாக்குக்கு வேலை இல்லை. கடல் பேச்சுக்கு மயங்காது. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்கே அவள் பெயரைத்தான் கல்கி வைத்திருக்கிறார். நிலத்தில் கெட்டிக்காரனாக இருந்தவன் நீரில் வெறும் சுமையாகிவிடும் இடம் அது. இலங்கைக்குப் போக அவன் அவள் படகில் ஏறி உட்காருகிறான். கூடவே நாமும் உட்காருகிறோம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சிறுவனாக வாசித்தபோது அந்தப் படகில் துடுப்பு என் கையில் இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, ஓசியில் போனவன் நான். துடுப்புப் போடுகிறவள் என்ன யோசிக்கிறாள், தோள் வலிக்கிறதா, திசையை எதைப் பார்த்துப் பிடிக்கிறாள் என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. அவள் முகம் தெரியும், பாட்டுக் கேட்கும், நிலா வெளிச்சத்தில் கூந்தல் பறப்பது தெரியும். கல்கிகூட அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாரோ என்று நினைக்கிறேன். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர் அவர், ஆற்று நீர் குடித்து வளர்ந்தவர். காவிரியைப் பற்றி எழுதும்போது அவர் வாக்கியங்கள் வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரிந்து ஓடுகின்றன. எந்த மதகு எங்கே என்று தெரிந்த கை அது. கடலுக்கு வந்ததும் அந்தக் கை சற்றே மரியாதையாகிவிடுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்து உட்காருகிற மரியாதை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் எழுதிய மனிதரிடம் நீவாட்டின், அந்தக் கடல் நீரோட்டத்தின், கணக்குக் கேட்பது அநியாயம்.

ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஒரு நாள் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கோடிக்கரை முனையிலிருந்து யாழ்ப்பாணத்து வடகரைக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அவள் அவனை இறக்கிவிடும் நாகத்தீவை இன்றைய நயினாதீவு என்று வைத்துக்கொண்டால் எழுபதைத் தாண்டும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் பதினாலு மணி நேரம். ஒருத்தி, ஒரு படகு, வேலை செய்யத் தெரியாத ஒரு பயணி. பகலில் சூரியன், இரவில் வெள்ளி. இடையில் மேகம் போட்டால் அலை படகின் எந்தப் பக்கத்தில் அடிக்கிறது என்பதை வைத்துத் திசை பிடிக்க வேண்டும். சோழகம் வீசும் மாதமா, வாடை திரும்பிவிட்டதா, கொண்டல் எழும் நேரமா என்று பார்க்க வேண்டும். மேலே காற்று ஒரு பக்கம் இழுக்கும், அடியில் நீவாடு இன்னொரு பக்கம் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் படகை வைத்திருக்க வேண்டும். குடிக்க எத்தனை குடம் நீர், அதில் பயணிக்கு எவ்வளவு. உள்ளங்கையில் காய்ப்பு ஏறி, அது வெடித்து, மறுபடி ஏறி, கடைசியில் தோல் என்பது போய்த் துடுப்பின் ஒரு பகுதிபோல ஆகியிருக்க வேண்டும். வந்தியத்தேவன் அந்தக் கையை ஒரு தடவையாவது பார்த்திருப்பான். என் நினைவில் தங்கியிருப்பதோ அந்தக் கை இல்லை, பாட்டுத்தான். இரண்டு விதமாக வரும் பாட்டு. முதலில் கடல் அடங்கிக் கிடக்கும்போது தன் நெஞ்சு மட்டும் ஏன் கொந்தளிக்கிறது என்று பாடுகிறாள். பிறகு சுழிக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அதே பாட்டைத் திருப்பிப் போட்டு, நெஞ்சு ஏன் களிக்கிறது என்கிறாள். அழகான யோசனை. இரண்டாம் பாகமே அவள் பெயரில் தொடங்கி, புயலுக்கு நடுவே அவள் பாட்டு கேட்கும் இடத்தில் போய் முடிகிறது. எரிந்த கப்பலிலிருந்து கடலில் விழுந்து, மரத்துண்டைப் பிடித்து மிதந்துகொண்டிருக்கும் இளவரசன் அருள்மொழிவர்மனும் வந்தியத்தேவனும் அந்தக் குரலைக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் யோசித்தால், அந்தப் பாட்டு ஒரு காரியம் செய்துவிடுகிறது. கடலை அவள் மனசுக்கு உவமையாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அலை என்றால் ஆசை, சுழி என்றால் ஏக்கம். அவள் அத்தனை வருடம் கற்றுக்கொண்ட உப்புநீர் அந்த உவமைக்குள் வடிந்து போய்விடுகிறது. கொந்தளிக்கும் கடலில் இரண்டு ஆண்களை ஒரு சிறு படகில் ஏற்றுவது எப்படி? ஒரு பக்கம் பிடித்து ஏறினால் படகு கவிழும். அவள் மறுபக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

நெய்தலுக்கு நம் மரபு கொடுத்த உரிப்பொருள் இரங்கல். தலைவன் கடலுக்கோ வேறெங்கோ போவான், தலைவி கரையில் நிற்பாள். காயும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டு, புன்னை நிழலில், தாழைமடலில் காற்று உராய்வதைக் கேட்டுக்கொண்டு. கடல் அவளுக்குப் பார்க்கிற பொருள். அதிகம் போனால் அலை அழிக்கும் மணல்வீடு. ஈராயிரம் வருடமாகக் கரையிலேயே நின்ற அந்தப் பெண்ணைத் தூக்கிப் படகில் உட்கார வைத்து, கையில் துடுப்பைக் கொடுத்தது கல்கி செய்த பெரிய காரியம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் துடுப்பைக் கொடுத்தவரால் இரங்கலைப் பிடுங்க முடியவில்லை. நடுக்கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டும் அவள் நெய்தல் தலைவியாகவே இரங்கிக்கொண்டிருக்கிறாள், எட்டாத அருள்மொழிவர்மனுக்காக. ஒருவேளை கோடிக்கரையின் குணமே அதுதானோ என்னவோ. சுந்தரர் கோடிக்குழகரைப் பார்க்க வந்தபோது அவருக்கும் முதலில் தோன்றியது பக்தி இல்லை, கவலை. கடற்காற்று அடிக்கும் இந்தக் கரையில், காட்டுக்கு நடுவே, துணைக்கு ஆள் இல்லாமல் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறீரே என்று இறைவனிடமே கேட்கிறார். கடவுளுக்கே தனிமை பிடித்துக்கொள்ளும் இடத்தில் கலங்கரை விளக்கக் காவலன் மகளுக்குப் பிடிக்காதா. ஆனால் தனிமையும் இரங்கலும் ஒன்றில்லை. தனியாக இருக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர்கள் யாருக்காகவோ காத்திருப்பதாகச் சொல்லிவிட்டால் நிம்மதி. அந்தக் காவலர் தியாகவிடங்கரின் மகள் படகில் தனியாகப் போகிறாள் என்பதைத் தாங்கிக்கொள்ள, அவள் ஒருவனை நினைத்துக்கொண்டு போகிறாள் என்று நாம் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீவில் தனியே திரியும் ஊமை அத்தை மந்தாகினிக்கும் இதே கதிதான். அவள் கைச்சாடையைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் பூங்குழலி. அத்தையிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது காதல் தோல்வி மட்டுமா, அல்லது பூதத் தீவில் எந்தக் கிழங்கு தின்னலாம், எந்தச் சுனை நல்ல தண்ணீர் என்பதுமா?

எங்கள் வீட்டுப் பரணில் 'கல்கி' இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து தொகுதிகள் இருந்தன. காலிகோ துணி ஒட்டிய முதுகு, ஓரத்தில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டை, நடுநடுவே ஏதோ தைலத்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் விளம்பரம். அப்பாவின் அக்கா சேர்த்தது. அவர் போன பிறகு பரணை ஒழித்தபோதுதான் கவனித்தேன், ஐந்தில் இரண்டாவது மட்டும் முதுகு பிளந்து, நூல் தொங்கி, எண்ணெய்க்கை பட்டுப் பட்டு ஓரம் கறுத்துக் கிடந்தது. ஐந்தாவது, தியாகச் சிகரம், கிட்டத்தட்டப் புதுசு. அத்தை கிராமத்துக் குளத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக நீந்தியவர் என்று அப்பா சொல்லுவார். அக்கரைப் படித்துறைவரை போய்த் தொட்டுவிட்டு மூச்சு வாங்காமல் திரும்புவாராம். பெரியவளானதும் நின்றுவிட்டது. யாரும் திட்டி நிறுத்தவில்லை, தடையெல்லாம் கிடையாது, நின்றுவிட்டது, அவ்வளவுதான். கிழிந்த முதுகையும் குளத்தையும் முடிச்சுப் போட எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அத்தை உயிரோடு இருந்தபோதே ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஏன் அத்தை எப்பவும் ரெண்டாவதையே எடுத்து வெச்சிக்கிறீங்க என்று. "அதுலதான்டா மணியம் படம் நல்லாருக்கும்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. படம் எல்லாத் தொகுதியிலும் நன்றாகத்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கரை சேர்ந்ததும் கதை பூங்குழலியை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறுவதை அத்தையும் கவனித்திருப்பார். குளிர் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும் இளவரசனைக் கால்வாய் வழியாக நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களே, அவளும் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனும், அதுதான் அவள் தொழில் தெரிந்தவளாக இருக்கும் கடைசிப் பெரிய வேலை என்று எனக்குப் படுகிறது. கடல் ஒடுங்கிக் கால்வாயாகிறது, கால்வாய் முடிந்தால் படிக்கட்டு, அதற்கு மேல் அரண்மனை. (அந்த விகாரத்தைப் பற்றி ஒரு இடைச்செருகல். ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு, இந்த இளவரசனே பின்னாளில் ஆன ராஜராஜனின் இருபத்தொன்றாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய 1006; பிற்காலத்தில் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. நாவல் நடப்பதோ அதற்கு முப்பது முப்பத்தைந்து வருடம் முன்னால். கல்கி அசரவில்லை. பழைய விகாரம் ஒன்றை முன்னமே இருக்க வைத்து, புயலிலும் கடல் பெருக்கிலும் அதை இடித்து, பிற்பாடு பெரிதாகக் கட்ட இளவரசனுக்கு ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டார். சரித்திரத்தின் ஓட்டையைப் புயலால் அடைத்த அந்தச் சாமர்த்தியத்துக்காகவே அவருக்கு எதையும் மன்னிக்கலாம்.) தரைக்கு வந்த பூங்குழலிக்குக் காற்றும் நீவாடும் உதவவில்லை. நிலத்தில் செல்லுபடியாகும் நாணயங்கள் வேறு: குலம், கண்ணீர், மயக்கம் போட்டு விழுவது. இதிலெல்லாம் கொடும்பாளூர் இளவரசி வானதி கைதேர்ந்தவள். பூங்குழலியின் பேச்சு சுருக்கென்று தைத்ததால்தான் வானதி அரியணையில் உட்கார மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். இரண்டு பெண்களும் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசத் தொடங்கிய கணத்தில் கடல் வெகுதூரம் போய்விடுகிறது. ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்கள். ஏறிய ஓடத்துக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு அரியணை. பூத்தொடுத்துத் தளிக்குளத்தார் கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த பிள்ளை, அவனே உத்தம சோழன் என்று ஆகி, அவனைக் கட்டிய படகுக்காரி சோழ நாட்டு அரசியாகிறாள். சிறுவயதில் கைதட்டினேன். இப்போது வாசித்தால் அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. துணிச்சலுக்குப் பரிசு கொடுக்கலாம், மகுடம் சூட்டலாம், பட்டயம் வாசிக்கலாம். தேர்ச்சிக்கு அப்படியெல்லாம் கொடுக்க முடியாது. அது கேட்பது நாளைக்கும் கடல், அவ்வளவுதான். வீணை வாசிக்கத் தெரிந்தவளுக்கு விரல் நிறைய மோதிரம் போட்டு விட்டால் அவள் எப்படி வாசிப்பாள். இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போதே எனக்கு என் மேல் சந்தேகம் வருகிறது. சிம்மாசனம் வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தானே? அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாளே? ஓடக்காரியின் மகுட ஆசையைப் பார்த்து, உனக்கு எதற்கம்மா அதெல்லாம், நீ படகிலேயே இரு, அதுதான் உனக்கு அழகு என்று சொல்கிறவன் யார்? அரசிளங்குமரிகள் அதே நாற்காலிக்கு ஆசைப்பட்டபோது எனக்கு இந்த வருத்தம் வரவில்லையே. உழைக்கிறவர்கள் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் ஒரு காவியம் இருக்கிறது என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருக்கக்கூடும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தானாகவே வந்தது. 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படம் வந்தபோது, இரண்டாவதில் சேந்தன் அமுதனுக்குப் பதில் மதுராந்தகரே முடிசூடினார். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் படத்தில் இல்லை. ஆகவே பூங்குழலிக்கு அரியணையும் இல்லை. நான் இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது: அவள் படகோட்டியாகவே இருந்துவிட்டாள். ஐஸ்வர்யா லெக்ஷ்மி துடுப்பைப் பிடித்த விதமும் நன்றாகத்தான் இருந்தது. திரையரங்கை விட்டு வெளியே வந்தபோது எதையோ பறிகொடுத்தவன் போல இருந்தது எனக்கு. அவளுக்குச் சேர வேண்டியதை யாரோ கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று, அதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நானே, வண்டி நிறுத்தத்தில் சண்டைக்கு நின்றேன்.

சரித்திரத்து உத்தம சோழனுக்கு அரசியர் பலர். செம்பியன் மகாதேவி என்ற ஊரில், கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. மாமியார் செம்பியன் மாதேவி பிறந்த சித்திரைக் கேட்டையைக் கொண்டாட மருமகள்கள் கொடுத்த நிவந்தங்கள். ஒவ்வொரு அரசிக்கும் தகப்பன் யார் என்பதில் கல் அக்கறையாக இருக்கிறது: இன்னார் மகளார், இன்னார் மகளார். பழுவேட்டரையர் மகளும் உண்டு அதில். ஓடக்காரன் மகள் இல்லை. இருக்கவும் முடியாது, அவள் கல்கியின் கற்பனை. ஆனால் கற்பனையில்லாத ஓடக்காரர் மகள்களும் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஒரே பட்டத்தரசிப் பதவி ஒரு வாரப் பத்திரிகையில்தான் கிடைத்தது. அந்த வகையில் கல்கி செய்தது சின்ன விஷயம் இல்லை என்று தோன்றும்போது, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி தொடங்கலாமா என்றிருக்கிறது.

கற்பனையில்லாத கடல் மகள்கள் என்றால், ராமநாதபுரம் கரையில், பாம்பனை ஒட்டிய ஊர்களில், பாசி எடுக்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் பழைய சட்டை மாட்டி, கண்ணாடி போட்டு, இடுப்பில் வலைப்பையோடு முங்குகிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று கடற்பாசிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பூக்காரி கூடையில் இருப்பவை போல் இருக்கும். பாறையில் கை கிழியும், சொறிமுட்டை மேலே பட்டால் தடித்துவிடும், நாளெல்லாம் உப்புத் தண்ணீர் கண்ணில். பாட்டியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து மகள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியதிலிருந்து, தாங்கள் காலங்காலமாகப் போய் வந்த தீவை நெருங்கினால் அத்துமீறல். மூச்சுப் பிடித்து உள்ளே போய், இருட்டில் தடவி, பாறைக்கும் பாசிக்கும் வேறுபாடு தெரிந்து அறுத்து மேலே வருவதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும். இவர்களைப் பற்றி எழுதப்படும் செய்திகளிலும் அந்தச் சொல் தவறாமல் வந்துவிடுகிறது, துணிச்சல்மிக்க பெண்கள் என்று. கூலி எவ்வளவு, வியாபாரி கிலோவுக்கு என்ன கொடுக்கிறார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குப் பின்னால் வசதியாக நின்றுகொள்கிறது. துணிந்தவர்களிடம் கணக்குப் பேசுவது நாகரிகமில்லை அல்லவா. தேர்ந்தவர்கள் என்று சொல்லிவிட்டால் சம்பளம் பேச வேண்டிவரும்.

கோடிக்கரைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 கடற்கோள் கொண்டுபோய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கம் கரையேறியபோது காட்டு மரங்கள் சாய்ந்தன. நான் போனபோது வெளிமான்கள் தூரத்தில் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தன. காட்டுவழி முழுவதும் மட்டக்குதிரைச் சாணம். சதுப்பில் இறங்கிப் பார்க்கலாமா என்று நினைத்து, செருப்பு பதிந்த விதத்தைப் பார்த்து, ஓர் அடியோடு நிறுத்திக்கொண்டேன். கரையில் நாட்டுப்படகு ஒன்றுமில்லை, எல்லாம் ஃபைபர் போட்டு, டீசல் வாடை, நீல வலைக் குவியல். பருவத்துக்கு வெளியூரிலிருந்து வந்து குடிசை போட்டிருந்தவர்கள். ஓர் அம்மாள் கூடைக்குள் ஐஸ்கட்டியைத் தட்டிப் போட்டு, மீனைத் தலை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சுக் கொடுத்து, நாலு வார்த்தைக்குள் கேட்டேவிட்டேன், நீங்க எப்பவாவது கடலுக்குள்ள போயிருக்கீங்களா அம்மா என்று. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நானா? போட்டுல ஏறுனாலே எனக்குக் கொமட்டும் சார்" என்றார் அந்த அம்மாள். கை நிற்கவில்லை. வஞ்சிரம் ஒரு வரிசை, அதன்மேல் ஐஸ், மறுபடி வஞ்சிரம். ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்துத் தனியே வைத்தார். எனக்கு அதற்கும் பக்கத்தில் இருந்ததற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு, நான் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறேன் என்று யோசித்தவர் போல, "ஏன், நீங்க போயி பாக்கணுமா? எந்தம்பி போட்டு காலையில மூணு மணிக்கு எறங்குது. சொல்லிவுடவா?" என்றார்.

இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். வேதாரண்யம் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.